வெள்ளிக்கிழமை மாட்டுக்கறி

ஒரு வெள்ளிக்கிழமை காலை என் வீட்டில் நான் மாட்டுக்கறி சமைத்தேன். சமையலறை ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, கரி அடுப்பில், ஐந்து மணி நேரம் சமைத்தேன். யாங்கோனில் பசுந்தாங் பேட்டை வீடுகள் ஒன்றின் மூச்சை ஒன்று விடுகிற மாதிரி நெருங்கி நிற்பவை. எங்கள் தெரு முழுவதற்கும் வாசனை போயிற்று. அந்தத் தெரு அம்மன் கோயில் கமிட்டியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் செயலாளர். பேச்சு வராமல் இருக்குமா? வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஒரு கட்சி. மகள் வீட்டாரின் மதத்துக்குப் போய்விட்டேன் என்று இன்னொரு கட்சி. இரண்டும் இல்லை. கோயிலுக்கு இப்போதும் போகிறேன். புத்தியும் எழுபத்தாறு வயதில் இப்போதுதான் கொஞ்சம் நேராக நிற்கிறது. என் பக்கத்து நியாயத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் பக்கத்தில் நியாயமே இல்லாத ஒரு நாளிலிருந்துதான் இது தொடங்குகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஒரே மகள் தன் கணவரை முதல் தடவையாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் எத்தியோப்பியர், கப்பல் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நான் பெரிய மனது செய்து ஏற்றுக்கொண்டதாகத் தெருவில் பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு. அதிகம் பேசாத மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். அது என் மனைவிக்குப் பெரிய வருத்தம். வந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. அன்று ராத்திரி எங்களோடு சாம்பார் சாதம்தான் சாப்பிட்டார். நெய் வேண்டாம் என்று கையால் மறித்தார். எங்கள் வழக்கத்துக்காக அடக்கமாக இருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மனைவியும் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கத் தாமுவேக்குப் போயிருந்தார்கள். நான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். எங்களுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தனியாகச் சந்தைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடியைப் போட்டு, அவருடைய வீட்டில் பண்டிகைக்குச் செய்கிற சிவப்புக் குழம்பை வைத்திருக்கிறார். எங்கள் தோசை மாவைப் புளிக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு, அடையடையாக எடுத்து அடுக்கியிருக்கிறார்.

நான் கமிட்டித் தலைவரோடு படியேறி வந்தேன். அவர் எங்களுக்குக் கீழ் மாடியில் குடியிருப்பவர். தேநீர் குடிக்க வந்தார். படியிலேயே வாசனை.

"என்ன சயா, வீட்ல விசேஷமா?" என்றார். சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துத்தான் நான் குடும்பம் நடத்தினேன். தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

மூடியைத் திறந்து பார்த்து, என்ன இறைச்சி என்று மருமகனிடம் கேட்டேன். சிரித்த முகத்தோடு மாடு என்றார். தலைவர், பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். அவ்வளவுதான். நான் துணியைப் பிடித்துப் பானையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து, மருமகன் தட்டில் தோசைகளை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் பின் சந்துச் சாக்கடையில் பானையைக் கவிழ்த்தபோது அவர் அந்தத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே இருவரும் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். மகள் சத்தம் போடவில்லை. "அப்பா, அவர் சமைச்சதை நீங்க கொட்டுன வீட்டுல இனிமே நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்றாள். சொன்னபடி இருந்தாள். அதற்குப் பிறகு மூன்று முறை தனியாக யாங்கோன் வந்தாள். ஹோட்டலில் தங்கினாள். அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட்டாள். எனக்கு வாசலில் நின்று, "உடம்பு நல்லா இருக்கா?" என்ற ஒரு கேள்வி.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் மாட்டுக்கறி தின்றவன். நண்பர்களோடு பிரியாணிக் கடைக்குப் போவோம். தெரியாமல் தின்றேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கேட்டு வாங்கித் தின்றேன், பிடித்துத் தின்றேன். ஆகவே அன்று அந்தப் பானையை நான் கொட்டியது பக்தியால் இல்லை, அருவருப்பாலும் இல்லை. தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் கொட்டினேன். அவர் அன்று தேநீருக்கு வராமல் இருந்திருந்தால் மூடியை மூடிவிட்டு, "இங்கே இது பழக்கமில்லை மாப்பிள்ளை" என்று சொல்லியிருப்பேன். இரண்டு தோசையும் தின்றிருப்பேன்.

இந்த வருஷம் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். மகள் வருவதாகச் சொன்னாள். மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளையும் வர்றாராம். வியாழக்கிழமை வந்து ஹோட்டல்ல எறங்குறாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைப் பாக்க வர்றாங்களாம். சாப்பாடு எதுவும் வேணாம்னு முன்னாலேயே சொல்லிட்டா."

"நான் சமைக்கிறேன்."

"நீங்க வெந்நி வச்சாலே தீஞ்ச வாசனை வரும்."

"அவர் செஞ்ச அதே கறியைச் செய்யப் போறேன். மாட்டுக்கறி."

அவளுக்குப் பார்வைதான் மங்கல். என்னை நேராகப் பார்த்தாள். "என் சட்டி எதையும் தொடக் கூடாது" என்றாள். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் கடிதம்தான் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான்கு முறை எழுதினேன். நான்கும் அழகாக வந்தன. அதுவே சந்தேகமாக இருந்தது. நல்ல நடையில் எழுதினால் நான் செய்த காரியம்கூடக் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டேன்.

மின்சாரம் இருக்கிற நேரத்தில் தொலைபேசியில் வீடியோ பார்த்தேன். ஒரு எத்தியோப்பிய அம்மாள் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே சமைக்கிறார். பேச்சு ஒரு வார்த்தை புரியாது. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை மாதிரி வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வெறும் பானையில் போட்டுக் கிளறினார். எண்ணெய் ஊற்றிய இடத்தை வெட்டிவிட்டார்கள் போல என்று நான் முடிவு செய்தேன். நம் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் வேறு எப்படி முடிவு செய்வான்? உருளைக்கிழங்கை வைத்து ஒத்திகை பார்த்தபோது எண்ணெய் காய்ச்சி, கடுகு வெடிக்கவிட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு வெங்காயத்தைக் கொட்டினேன். வந்தது சுத்தமான செட்டியார் வீட்டுக் குழம்பு. மறுபடி வீடியோவைப் பார்த்தேன். எண்ணெய் ஊற்றவே இல்லை. வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து, சுருங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பழுப்பாகப் பானையில் ஒட்டத் தொடங்கும்போதுதான் நெய் வருகிறது. அதுவும் மஞ்சள், ஏலம், வெந்தயம், பூண்டு போட்டுக் காய்ச்சி வடித்த நெய். அதன் பிறகு 'பெர்பெரே' என்கிற அந்த மிளகாய்ப் பொடி. அதில் போகிற கொத்தமல்லி, ஓமம், கருஞ்சீரகம், கிராம்பு, சுக்கு எல்லாம் எங்கள் தெரு மளிகைக் கடையிலேயே கிடைத்தன. வறுத்து இடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி ஏறாது. தெருவில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஏறாது. அம்மனுக்கு அன்று அபிஷேகம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். வெள்ளிக்கிழமை என்பதால்தான் செய்தேன். அவரை அவமானப்படுத்தியது ஊர் பார்க்க. மன்னிப்பு மட்டும் ஊர் தூங்கும்போது கேட்பதா? தலைவருக்கும் முதல் நாளே சொல்லி அனுப்பினேன்: நாளை மத்தியானம் என் வீட்டுக்கு வர வேண்டும், தேநீர் உண்டு.

இப்படி வீரம் பேசுகிறவன் வெள்ளி காலை என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். எங்கள் சந்தையில் வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்களே என்று, ஓடையைத் தாண்டித் தாகேதாவுக்குப் பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் பஸ் நெரிசலில் நின்றபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அக்கரையில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, பசுந்தாங் சந்தையிலேயே மாட்டிறைச்சிக் கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். முப்பது வருஷமாகத் தெரிந்தவர். வியாபாரம் மட்டும் இதுவரை நடந்ததில்லை.

"வாங்க சயா. யாரைத் தேடுறீங்க?"

"ஒரு வீசை கொடுங்க பாய். எலும்பில்லாம, வேக நேரம் எடுக்குற கறியா."

"ஆருக்கு?"

"எனக்கு."

"டாக்டர் சொன்னாரா?"

"நான்தான் சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்து நிக்கிறீங்களே. வீட்ல சண்டையா?"

"சண்டையைத் தீக்கத்தான்."

அவர் வெட்டிய கறியை ஒரு கறுப்புப் பையில் போட்டு, அதை இன்னொரு கறுப்புப் பையில் போட்டார். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒங்க ஆளுங்க வாங்குனா அப்படித்தான் கட்டுறது."

"எங்க ஆளுங்க வாங்குறாங்களா?"

"ஆரு ஆருன்னு கேக்காதீங்க சயா. எனக்குத் தொழில் நடக்கணும்."

வெள்ளைப் பையில் மாற்றித் தரச் சொன்னேன். சிவப்பு தெரிய, கையை வீசிக்கொண்டு தெரு நடுவே நடந்து வந்தேன்.

மனைவி தன் சின்ன அடுப்பைப் பால்கனிக்குக் கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமைச் சமையலை அவளால் விட முடியாது. அங்கே உட்கார்ந்து பருப்பும், முருங்கைக்கீரையும், கத்தரிக்காயும் செய்துகொண்டு, என் பக்கம் வராமலே என்னைச் சமைக்க வைத்தாள். கண் தெரியாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே.

"ஏங்க, வெங்காயம் அடிப்பிடிக்குது."

"அப்படித்தான் பிடிக்கணும்."

"எண்ணெயே ஊத்தாம வெங்காயம் வதக்குற கூத்தை எங்கயாவது கண்டதுண்டா? ரெண்டு கை தண்ணியாவது தெளிங்க."

தெளித்தேன். வீடியோ அம்மாளும் அப்படித்தான் தெளித்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நெய் விட்டேன், பொடி போட்டேன். தும்மலில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் தவித்தோம். இஞ்சியும் பூண்டும் சேர்த்துக் கறியைப் போட்டு, கரியைத் தணித்து, மூடி வைத்தேன். பிறகு செய்வதற்கு எதுவுமில்லை, காத்திருப்பதுதான் சமையல். அவ்வப்போது மூடியைத் திறந்து கிளறுவேன். நிறம் செங்கல் நிறத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. மருமகனும் அன்று இப்படித்தான் இதே அடுப்பு முன்னால் நான்கு மணி நேரம் நின்றிருப்பார். அதை நினைக்க வேண்டும் என்றுதான் குக்கர் வைக்கவில்லை.

பன்னிரண்டரைக்குத் தலைவர் வந்தார். இரும்புக் கதவுக்கு வெளியே நின்றே மூக்கைச் சுளித்தார்.

"சயா, இது என்ன வாசனை?"

"மாட்டுக்கறி. உள்ளே வாங்க."

"வெளையாடாதீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"தெரிஞ்சே செய்யிறீங்களா? செயலாளரா இருந்த வீடு இது. அம்மன் வீதி உலாவுல மொத ஆரத்தி எடுக்குற வீடு."

"இனிமே வேற வீட்ல எடுக்கட்டும். ராஜினாமாக் கடிதம் மேசை மேல இருக்கு, எடுத்துக்குங்க. ஆனா ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. அன்னைக்கு நீங்க பாத்தீங்க. இன்னைக்கும் பாக்கணும்."

அவர் போயிருக்கலாம். போகவில்லை. வாசலை ஒட்டிய நாற்காலியில், ஒரு காலை வெளியே வைத்தபடி உட்கார்ந்தார். மனைவி பால்கனியிலிருந்து, "தேத்தண்ணி என் அடுப்புல போட்டது, குடிக்கலாம்" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். அவருக்குத் தாடி நரைத்திருந்தது. படியிலேயே வாசனை அவரைப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே வந்ததும் யாரையும் பார்க்காமல் நேராக அடுப்பைப் பார்த்தார். நான் மூடியைத் திறந்தேன். குனிந்து முகர்ந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் பேசத் தயாராக இருந்தது ஒரே வாக்கியம். "உக்காருங்க, சாப்பிடலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மகளிடம் கற்றுக்கொண்ட தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"மாமா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

எனக்கு விளங்கவில்லை. மகள்தான் சொன்னாள். "அவங்க கிறிஸ்தவ சபையிலே புதனும் வெள்ளியும் விரதம்ப்பா. கறி, பால், நெய், முட்டை எதுவும் கிடையாது. மூணு மணி வரைக்கும் பச்சைத் தண்ணிகூட இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும்தான் இருக்கேன்."

வாசலில் தலைவர் இருமினார். அது இருமல்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அந்த மொத வெள்ளிக்கிழமை சாம்பார் சாப்பிட்டது நமக்காக இல்லையா? நம்மளைவிட ஆசாரமா இருக்காரே."

ஐந்து மணி நேரம். ஒரு வீசை. கமிட்டிப் பதவி. தெருவின் வாய். எல்லாவற்றையும் எதிர்த்து ஒரு பானையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். எவருக்காகச் செய்தேனோ அவர் என் அம்மனை விடக் கண்டிப்பான விரதக்காரர். என் வெள்ளிக்கிழமையை உடைத்தால் அவருக்கு மரியாதை என்று கணக்குப் போட்டேனே தவிர, அவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததும் இதே தப்புதான். அவர் பண்டிகைக்கு என்ன சாப்பிடுவார், எதை விலக்குவார், ஒரு கேள்வி கேட்டதில்லை.

பானை எனக்காகப் பேசிவிடும் என்று நம்பியிருந்தேன். இனி வாயால் பேசுவதைத் தவிர வழியில்லை. மூடியை மூடினேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அது அழகாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, தமிழில் சொன்னேன். தலைவருக்கும் மனைவிக்கும் புரிய வேண்டும்.

"அன்னைக்கு நான் உங்க சாப்பாட்டைக் கொட்டுனது சாமிக்காக இல்ல. இதோ இவர் பாத்துட்டாரேன்னு கொட்டுனேன். படிக்கிற காலத்துல நானே மாட்டுக்கறி தின்னவன். உங்களைச் சாக்கடை ஓரத்துல நிக்க வச்சதுக்கு என்கிட்ட ஒரு நியாயமும் இல்ல. தப்பு என்னுது."

மகள் தன் கணவருக்குத் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மனைவி கேட்டாள்:

"தின்னது கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"பின்னால?"

"ரெண்டு தடவை."

"அந்தக் கையால என் சாமி விளக்கைத் தொட்டீங்க."

மகள் சிரித்துவிட்டாள். மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியும்.

மருமகன் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கு ரொம்ப வருஷம் கோபம் இருந்தது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் நானே வெளியே கொண்டு போயிருப்பேன். உணவை மண்ணில் கொட்டுகிறவரை என் ஊரில் நான் பார்த்ததில்லை." கொஞ்சம் நிறுத்தி, "கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

தலைவர் எழுந்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டார். தேநீரைப் பாதி குடித்திருந்தார். இறங்கிப் போனார்.

மூன்று மணி வரைக்கும் அவர்கள் இருப்பார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். மருமகன் நாற்காலியை இழுத்து அடுப்புப் பக்கம் போட்டு உட்கார்ந்து, எந்தப் பொடி எவ்வளவு போட்டேன் என்று விசாரித்தார். மகள் பால்கனிக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள்.

"பருப்புல நெய் போட்டியாம்மா?"

"நெய்யா? இருந்ததெல்லாம் உங்கப்பா அந்தக் கறியில ஊத்தித் தீத்துட்டாரு. இதுல வெறும் நல்லெண்ணெய்தான்."

"அப்ப நாங்க சாப்பிடலாம்" என்றாள் மகள்.

இவ்வளவு சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பின்பக்க அறைக்குப் போய் ஏதோ தேடுவது போல நின்றேன்.

மூன்று மணி அடித்ததும் மருமகன் பெரிய தாம்பாளம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். நான் வார்த்து வைத்திருந்த புளித்த தோசைகளைத் தாம்பாளம் முழுக்கப் பரப்பினார். நடுவில் பருப்பு, ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் கத்தரிக்காய். அவர்கள் வழக்கத்தில் தனித் தட்டு கிடையாது. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஓரத்திலிருந்து பிய்த்துச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் கணவன் எச்சிலை மனைவி தொட்டாலும் தொடலாம், வேறு யாரும் யாருடைய எச்சிலையும் தொட்டதில்லை. மனைவி தயங்கினாள். மகள் அவள் கையைப் பிடித்துக் கீரை இருந்த பக்கம் வைத்தாள். "இது உன் பக்கம்மா. இங்கேர்ந்து எடு."

நால்வரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் நினைத்தபடி கறிச் சாப்பாடு நடந்திருந்தால் என் மனைவி பால்கனியில் தனியாக உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டிருப்பாள். இது என் திறமையால் நடந்ததில்லை. என் மடத்தனத்தையும் மீறி நடந்தது.

கறியை ராத்திரியும் காலையும் சூடுபடுத்தி வைத்தேன். மின்சாரம் வந்து வந்து போகிற ஊரில் குளிர்பெட்டியை நம்ப முடியாது. சனிக்கிழமை மத்தியானம் மறுபடி வந்தார்கள். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். மருமகன் முதல் வாயை வெகு நேரம் மென்றார்.

"வெங்காயம் அவசரப்பட்டிருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "வெந்தயம் கூடுதல். கறி நல்ல கறி."

"உப்பும் பத்தாது. வாசனையிலேயே தெரியுது" என்றாள் மனைவி, தன் தட்டிலிருந்து நிமிராமல்.

"நாளைக்கு நான் செய்யறேன், மாமா" என்றார் மருமகன் தமிழில். "இங்கே. ஆட்டுக்கறி. அத்தையும் சாப்பிடணும்."

"ஆடா? மாட்டுலதானே செய்யணும்?"

"எதுல வேணா செய்யலாம்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "அன்றைக்கும் நான் ஆட்டிறைச்சிதான் கேட்டேன். சந்தையில் தீர்ந்துவிட்டது."

மகள் என்னைப் பார்த்துக்கொண்டே அடுத்த தோசையைப் பிய்த்தாள். கொழுப்பில்லாத கறியாகத் தேடி எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு இங்கேர்ந்தே போயிரலாம். நாளைக்கு வரும்போது பெட்டியையும் எடுத்துட்டு வந்துடறோம்."

அன்று சாயங்காலம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. நான் பிராயச்சித்தம் செய்துகொண்டால் பழைய மரியாதையைப் பற்றி யோசிப்பார்களாம். செய்ய மாட்டேன். அம்மனிடம் நான் செய்த தப்பு ஒன்று உண்டு: அவள் பேரைச் சொல்லி ஒரு நல்ல மனிதரைச் சாக்கடை ஓரம் நிறுத்தினேன். அதற்கு அவளிடம் நேரே பேசிக்கொள்கிறேன். நடுவில் கமிட்டி வேண்டாம். இப்போது வரிசையில் எல்லோரோடும் நின்றுதான் கும்பிடுகிறேன். அங்கிருந்தும் முகம் நன்றாகவே தெரிகிறது.

மகள் படித்து வளர்ந்த பின்பக்க அறையில் கோயிலின் பழைய காகிதங்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. அவள் போன பிறகு நான்தான் கொண்டுவந்து அடைத்தேன். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் கட்டுக்கட்டாக இறக்கி, தலைவர் வீட்டு வாசலில் அடுக்கி வைத்து, அழைப்பு மணியை அடித்துவிட்டு மேலே வந்து, அறையைப் பெருக்கித் துடைத்தேன்.